கருவறைக்கென்று அமைந்த செல்கள்

குழந்தை பிறந்து தொப்புள்கொடி துண்டிக்கப்பட்ட பிறகு, கொடியிலும் அதன் மறுமுனையிலுள்ள நஞ்சுக்கொடியிலும் ஏறக்குறைய நூறு மில்லிலிட்டர் இரத்தம் தங்கிவிடுகிறது. அது தாயின் இரத்தம் அன்று. ஒன்பது மாதம் நஞ்சுக்கொடிக்கும் தன் உடலுக்குமாகக் குழந்தையே ஓட்டிக்கொண்டிருந்த அதன் சொந்த இரத்தம். 1980களின் இறுதி வரை உலகின் பெரும்பாலான மகப்பேற்று அறைகளில் நஞ்சுக்கொடியோடு சேர்த்துக் கழிவாகவே கருதப்பட்ட இந்த இரத்தம், மனிதக் கருவின் நோய் எதிர்ப்பு அமைப்பைக் குழந்தைக்குச் சிறு வலியும் தராமல் ஆராய்வதற்குக் கிடைத்திருக்கும் அரிய வாயில். இதில் மிதக்கும் வெள்ளணுக்களைப் பற்றி மருத்துவ நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தது ஒன்றுதான்: இவை முதிராதவை, பெரியவர்களின் வெள்ளணுக்கள் செய்யும் வேலையில் பாதியையும் செய்ய இயலாதவை. அந்த மதிப்பீட்டின் அடிப்படைத் தரவுகள் பொய்யல்ல; அவற்றை அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் கேள்விக்குரியது.

தரவுகளிலிருந்தே தொடங்கலாம். உடலுக்குள் நுழையும் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே இனங்கண்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வெள்ளணுக்கள் இருவகை. நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வெளிவருபவை டி செல்கள். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் வழியில் வளர்பவை பி செல்கள். ஒரு டி செல் தனக்குரிய கிருமியை இதுவரை சந்தித்திருக்கிறதா என்பதை அதன் மேற்பரப்பிலுள்ள சிடி45 என்ற புரதத்தின் வடிவத்தை வைத்து அறியலாம்; சந்திக்காத செல்லில் ஆர்ஏ வடிவமும், சந்தித்து நினைவு கொண்ட செல்லில் ஆர்ஓ வடிவமும் காணப்படும். பெரியவர்களின் இரத்தத்தில் இரண்டும் கலந்திருக்க, தொப்புள்கொடி இரத்தத்தின் டி செல்களில் மிகப் பெரும்பான்மை ஆர்ஏ வடிவத்தையே தாங்கியிருக்கிறது. இவற்றுள் பெரும்பங்கு தைமஸை விட்டு அண்மையில் வெளிவந்தவை. தூண்டினால் இவை பெருகுகின்றன. ஆனால் கிருமியை விழுங்கிய செல்களை உசுப்பிவிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை, அதாவது செல்கள் தமக்குள் செய்தி சொல்லிக்கொள்ளும் புரதங்களுள் ஒன்றை, மிகக் குறைவாகவே சுரக்கின்றன. அந்தப் புரதத்தை எழுதும் மரபணுவின் முன்பகுதியில் மெத்தில் என்ற வேதிக்குறிகள் அடர்ந்து ஒட்டியிருப்பதே அதற்கு ஒரு காரணம். பி செல்களுக்குத் தூண்டுதல் தரும் சிடி40 லிகண்ட் என்ற மூலக்கூறும் இந்த டி செல்களில் தாமதமாகவே தலைகாட்டுகிறது. நோய்க்கிருமியின் துணுக்குகளை எடுத்துக்காட்டி டி செல்களை அழைக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள், அந்த அழைப்பின் முக்கியச் சொல்லான இன்டர்லூக்கின்-12ஐப் போதிய அளவு உருவாக்குவதில்லை. நச்சுயிரி தொற்றிய செல்களை முன்னறிமுகம் இல்லாமலே அழிக்கும் இயற்கைக் கொல்லி செல்கள் எண்ணிக்கையில் தாராளமாக இருந்தும் கொல்லும் திறனில் பின்தங்கியே நிற்கின்றன.

பட்டியலை இன்னும் நீட்டலாம், ஆனால் அதன் வடிவத்தைக் கவனிப்பதே பயன் தரும். பெரியவர்களிடம் இருப்பது எது என்று கேட்டுவிட்டு, அது இங்கே இல்லை என்று எழுதும் முறை இது. கொடி இரத்தத்தில் மட்டும் இருந்து பெரியவர்களிடம் இல்லாதது எது என்ற கேள்வி இந்த முறைக்குள் எழவே வாய்ப்பில்லை.

இந்தப் பார்வைக்கு வலுவான வரலாறும் உண்டு. 1945இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன், கருப்பையில் நஞ்சுக்கொடி நாளங்கள் இணைந்து இரத்தம் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள், பிறந்த பின்னும் ஒன்றின் சிவப்பணுக்களை மற்றொன்று விலக்காமல் தன்னுள் வைத்திருப்பதைக் கண்டறிந்தார். அதன் பொருளை விரித்துக்கொண்டு 1953இல் பீட்டர் மெடாவரும் ரூபர்ட் பில்லிங்ஹாமும் லெஸ்லி பிரெண்டும் ஒரு வகை எலியின் செல்களை இன்னொரு வகை எலியின் கருவில் செலுத்தினர். அந்தக் கரு பிறந்து வளர்ந்தபின், முதல் வகையின் தோலை ஒட்டியபோது அது தன் தோலைப்போலவே ஏற்றுக்கொண்டது. இந்த ஆய்வுக்காக மெடாவரும், அதற்கான கோட்பாட்டை முன்வைத்த ஃபிராங்க் மெக்ஃபார்லேன் பர்னெட்டும் 1960இல் நோபல் பரிசு பெற்றனர். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றினால் அவை அயல் தோலை விலக்கும் ஆற்றலையே இழப்பதைக் காட்டி, பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்த ஓர் உறுப்பின் பணியை நிறுவினார். இவையெல்லாம் சேர்ந்து, பிறப்புக்கு முன்னும் பின்னுமான சில நாட்களில் உடல் எதைக் கண்டாலும் அதைத் தன்னதென்று ஏற்கும் என்றும், எதிர்க்கக் கற்பது பிறகே நிகழும் என்றும் ஒரு சித்திரத்தைப் பதித்துவிட்டன.

அந்தச் சித்திரத்தில் முதல் பெரிய விரிசல் 1996இல் விழுந்தது. அவ்வாண்டு சயன்ஸ் ஆய்விதழின் ஒரே வெளியீட்டில் வந்த மூன்று ஆய்வுகள், பிறந்த எலிக்குட்டிகளும் உரிய அளவில், உரிய செல்களின் வழியே ஆன்டிஜன் கொடுக்கப்பட்டால் முழு வலுவோடு எதிர்வினை புரிவதைக் காட்டின. ஆன்டிஜன் என்பது எதிர்ப்பமைப்பு இனங்காணும் அயற்பொருள். அது வந்த வயதைக் காட்டிலும் வந்த அளவும் வழியுமே விளைவைத் தீர்மானிக்கின்றன என்பது அவற்றின் முடிவு. மனிதக் குழந்தைகளிலும் இதற்குச் சான்று கிடைத்தது. காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியைப் பிறந்தவுடன் பெற்ற காம்பியா நாட்டுக் குழந்தைகளிடம், எதைச் சுரக்க இயலாதென்று சொல்லப்பட்டதோ அந்த இன்டர்ஃபெரான் காமா தாராளமாகச் சுரப்பதை ஆர்னோ மார்ஷான் குழுவினர் 1999இல் பதிவுசெய்தனர். அதே ஆய்வாளர் 2003இல் காட்டியது இன்னும் வியப்பானது: தாயின் வயிற்றிலேயே சைட்டோமெகலோ என்ற நச்சுயிரியின் தொற்றுக்கு ஆளான கருக்களில், பெரியவர்களுக்கு நிகரான முதிர்ந்த கொல்லி டி செல்கள் உருவாகியிருந்தன. ஆக, இயலாமை என்பது செல்லின் உள்ளே பூட்டப்பட்ட குணமல்ல. தேவை அழுத்தும்போது அது விலகுகிறது. மற்ற நேரங்களில் ஏதோ ஒன்று அதை அடக்கி வைத்திருக்கிறது. அடக்கி வைப்பது எது, எதற்காக என்பதே இனி வரும் கேள்வி.

எதற்காக என்பதற்கு விடை கருவறையிலேயே இருக்கிறது. குழந்தை தாய்க்குப் பாதி அயல். தாயும் குழந்தைக்குப் பாதி அயல். தாய் தன் கருவை ஏன் விலக்குவதில்லை என்று மெடாவர் 1953இலேயே கேட்டிருந்தார். குழந்தை தன் தாயை ஏன் விலக்குவதில்லை என்ற மறுபாதிக் கேள்வி அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. கரு உயிரற்ற பொட்டலம் அன்று. பதினான்காம் வாரத்தை ஒட்டி அதன் இரத்தத்தில் டி செல்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. தாயின் செல்களும் நஞ்சுக்கொடியின் தடையைக் கடந்து சிறு எண்ணிக்கையில் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜெஃப் மோல்டும் ஜோசஃப் மெக்கியூனும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தாயின் செல்கள் கருவின் நிணநீர் முடிச்சுகள் வரை சென்று தங்குவதையும், அவற்றை எதிர்கொள்ளும் கருவின் டி செல்கள் தாக்கும் வழியில் செல்லாமல் ஒழுங்குபடுத்தும் டி செல்களாக, அதாவது பிற செல்களின் தாக்குதலைத் தணிக்கும் வகையாக, மாறுவதையும் காட்டியது. கருவின் டி செல்கள் அயலை அறியாமல் இருக்கவில்லை. அறிந்து, வலுவாகவே எதிர்வினையாற்றுகின்றன. அந்த எதிர்வினையின் உள்ளடக்கம்தான் பொறுத்தல்.

இதே குழு 2010இல் ஒரு படி மேலே சென்றது. இரத்த செல்களைப் பிறப்பிக்கும் மூல செல்களான குருத்தணுக்களைக் கருவிலிருந்தும் பெரியவர்களிடமிருந்தும் எடுத்து ஒரே வகைச் சூழலில், மனிதத் திசு பொருத்தப்பட்ட எலிகளில், வளரவிட்டுப் பார்த்தபோது, முதலாவதிலிருந்து வந்த டி செல்கள் பொறுக்கும் வழிக்கும் இரண்டாவதிலிருந்து வந்தவை தாக்கும் வழிக்கும் சாய்ந்தன. வேறுபாடு சூழலில் மட்டும் இல்லை, விதையிலேயே இருக்கிறது என்று இதற்குப் பொருள். லெனார்ட், லியோனோர் ஹெர்சன்பெர்க் தம்பதியர் 1989இல் முன்வைத்த கருத்து இதனால் உயிர் பெற்றது. எதிர்ப்பமைப்பு ஒரே மரமாக வளர்ந்து பெரிதாவதில்லை. கருவின் தொடக்கத்தில் மஞ்சள்கருப் பையிலும், பிறகு கல்லீரலிலும், இறுதியில் எலும்பு மஜ்ஜையிலுமாக அடுத்தடுத்து எழும் குருத்தணு அலைகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் படிவை இட்டுச் செல்கின்றன என்பது அவர்களின் வாதம். அலை மாறுவதை ஆளும் மூலக்கூறுகளுள் லின்28பி முக்கியமானது. வளர்ந்த எலியின் மஜ்ஜைக் குருத்தணுவில் இதைச் செயற்கையாக இயக்கினால், அது கருவுக்குரிய வெள்ளணுக்களை மீண்டும் உருவாக்கத் தொடங்குகிறது என்று 2012இல் காட்டப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரட் குழுவினர் 2018இல், பிறந்த சமயத்தில் உருவான டி செல்களை அடையாளமிட்டு எலி வளர்ந்த பின்னும் பின்தொடர்ந்தபோது, அவை பிற்காலத் தொற்றுகளிலும் தமக்கே உரிய பாணியில், விரைந்து பாய்ந்து, நினைவைச் சேமிக்காமல் மடிந்தன. குழந்தைப்பருவத்தின் செல்கள் முதிர்ந்து பெரியவர்களின் செல்களாக மாறிவிடுவதில்லை, அவற்றின் மேல் வேறு செல்கள் வந்து நிறைகின்றன என்ற இந்தப் பார்வையில், முதிர்ச்சி என்பதன் பெரும்பங்கு ஆள்மாற்றமே.

அடக்கி வைப்பது எது என்ற கேள்விக்கு வந்த விடைகளுள் ஒன்று ஆய்வுக்கூட மேசையிலேயே பல ஆண்டுகள் கண்ணெதிரே கிடந்தது. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிக்க, ஃபைக்கால் என்ற அடர்ந்த சர்க்கரைக் கரைசலின் மேல் நீர்த்த இரத்தத்தைக் குழாயின் சுவரோடு மெல்ல ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுழற்றுவார்கள். சுழற்சி நின்றதும் சிவப்பணுக்கள் அடியில் படிந்திருக்கும். மேலே மஞ்சள் பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவே மங்கிய வெண்படலமாக வெள்ளணுக்கள். பெரியவர்களின் இரத்தத்தில் இந்தப் படலம் சுத்தமாகப் பிரியும். கொடி இரத்தத்திலோ அது செம்மை கலந்தே வரும், ஏனெனில் உட்கருவை இன்னும் இழக்காத இளஞ்சிவப்பணுக்கள் இதில் ஏராளம். அவை அடியில் படியாமல் வெள்ளணுக்களோடு மிதந்து நின்றுவிடும். ஆய்வாளர்கள் இவற்றை மாசு என்றே கருதி, சிதைக்கும் கரைசலால் நீக்கிவிட்டு வேலையைத் தொடர்வது வழக்கம். சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் சிங் சிங் வே குழுவினரும் ஷொக்ரொல்லா எலாஹியும் 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த மாசைப் பற்றியது. ஆறு நாள் வயதான எலிக்குட்டிகளுக்கு வளர்ந்த எலிகளின் வலிய வெள்ளணுக்களைச் செலுத்தியும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்றிலிருந்து அவை காக்கப்படவில்லை. குட்டியின் உடலுக்குள் போனதும் வளர்ந்த செல்களே மந்தமாகிவிட்டன. தேடிப்போனதில், சிடி71 என்ற குறியைத் தாங்கிய அந்த இளஞ்சிவப்பணுக்கள் ஆர்ஜினேஸ் என்ற நொதியால், வெள்ளணுக்களுக்கு இன்றியமையாத ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தீர்த்து, அவற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தன. மனிதக் கொடி இரத்தத்தின் இளஞ்சிவப்பணுக்களும் அதையே செய்தன. இவற்றைக் குறைத்தபோது குட்டிகள் தொற்றை வென்றன. ஆனால், குடலில் புதிதாகக் குடியேறிய சாதாரண நுண்ணுயிர்களுக்கு எதிராக அவற்றின் வெள்ளணுக்கள் அளவு மீறி உசுப்பேறி, அழற்சி மூண்டது.

கொடி இரத்தத்தின் அமைதிக்குரிய காரணம் இந்த இரண்டாவது விளைவில் இருக்கிறது. கருவறையை விட்டு வெளிவந்த சில மணி நேரங்களில் குழந்தையின் தோல், வாய், குடல் ஆகிய அனைத்தின் மீதும் நுண்ணுயிர்கள் வந்திறங்குகின்றன. அத்தனையையும் எதிரியாகக் கொண்டால் குழந்தை தன் அழற்சியாலேயே அழியும். பிறந்த குழந்தையின் பிளாஸ்மாவில் அடினோசின் என்ற பொருள் மிகுந்திருந்து, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் சுரப்பதைக் குறைத்து, தணிக்கும் சைட்டோகைன்களைக் காத்துநிற்பதைப் பாஸ்டனில் ஓஃபர் லெவி குழுவினர் கண்டதும் இந்தச் சித்திரத்தோடு பொருந்துகிறது. அதே வேளையில் கொடி இரத்தத்தின் டி செல்கள் கைகட்டி நிற்கவும் இல்லை. நியூட்ரோஃபில் என்ற முன்னணி வெள்ளணுக்களை வரவழைக்கும் இன்டர்லூக்கின்-8ஐ அவை தாராளமாகச் சுரப்பது 2014இல் தெரியவந்தது; பெரியவர்களின் டி செல்களிடம் இது முக்கிய ஆயுதமாக இருப்பதில்லை. இல்லாததைப் பட்டியலிடும் ஆய்வுமுறையின் கண்ணில் இது படாமல் போனதில் வியப்பில்லை.

இந்த அமைதிக்குக் குழந்தை கொடுக்கும் விலை சிறிதன்று என்பதையும் மறைக்கக் கூடாது. 2022இல் உலகில் பிறந்து இருபத்தெட்டு நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய 23 லட்சம். குறைமாதப் பிறப்பு, பிறப்பின்போது மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு தொற்றும் இந்த இறப்புகளின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. கருவறைக்குப் பொருத்தமான அமைப்பு அழுக்கு நீரும் நெரிசலும் உள்ள உலகுக்குப் பொருந்தாமல் போகையில், அந்த இடைவெளியை நிரப்பத் தாயின் கடன் தேவைப்படுகிறது. கருவின் கடைசி மூன்று மாதங்களில் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குள் பெருமளவில் ஏறுகின்றன. நிறைமாதக் குழந்தையிடம் அவற்றின் அளவு தாயினுடையதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். அவற்றின் அரைவாழ்வு மூன்று வாரங்கள் மட்டுமே என்பதால் சில மாதங்களில் அந்தக் கடன் கரைந்துவிடுகிறது. குறைமாதக் குழந்தை அதைப் பெறும் முன்பே பிறந்துவிடுகிறது. இந்தக் கடனை முதலில் தெளிவாகக் காட்டியவர் பால் எர்லிச். நம் ஊர்க் குன்றிமணியின் நஞ்சான ஏப்ரினையும், ஆமணக்கின் நஞ்சான ரிசினையும் தாயெலிகளுக்குச் சிறுகச் சிறுகப் பழக்கி, குட்டிகளை மாற்றிப் பாலூட்டவைத்து, பாதுகாப்பு கருவில் மட்டுமன்றிப் பாலின் வழியாகவும் கைமாறுவதை அவர் 1892இல் நிறுவினார். கர்ப்பிணிகளுக்கு இடப்படும் டெட்டனஸ் தடுப்பூசி இதே கடனைத்தான் நம்பியிருக்கிறது. தாய்-சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக 2015இல் இந்தியா அறிவிக்கப்பட்டதில், மருத்துவமனைப் பிரசவங்களோடு இந்த ஊசிக்கும் பெரும் பங்குண்டு.

பிறகு நிகழ்வதைக் கொடி இரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பது அண்மையில்தான் உறுதிப்பட்டது. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பெட்டர் புரோடின் குழுவினர் 2018இல், நூறு குழந்தைகளின் கொடி இரத்தத்தையும், அதன்பின் முதல் வாரம், நான்காம் வாரம், பன்னிரண்டாம் வாரம் எனச் சில துளி இரத்தத்தையும் எடுத்து ஆராய்ந்தனர். பிறப்பின்போது குறைமாதக் குழந்தைகளின் செல்களும் நிறைமாதக் குழந்தைகளின் செல்களும் வெகுவாக வேறுபட்டிருந்தன. மூன்று மாதத்தில் இரு சாராரும் ஒரே பாதையில் வந்து சேர்ந்துவிட்டனர். வெவ்வேறு இடத்தில் தொடங்கினாலும் ஒரே திசையில் இழுக்கும் விசை, வெளியுலகின் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது என்பது அவர்களின் வாதம். கொடி இரத்தத்தின் அளவைகள் பிறந்த பிறகான நிலையைச் சரிவர முன்னுரைக்கவும் இல்லை. காம்பியாவிலும் பப்புவா நியூ கினியிலும் நடந்த இன்னோர் ஆய்வு, முதல் வாரத்திலேயே இரத்தத்தின் மரபணு இயக்கம் நாளுக்கு நாள் ஒரே ஒழுங்கில் மாறுவதை 2019இல் காட்டியது. எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் வருவதில்லை. நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் சர்க்கரை உறைக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும் திறன் இரண்டு வயதை ஒட்டியே கைகூடுகிறது. அதனால்தான் கைக்குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் அந்தச் சர்க்கரை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தரப்படுகிறது.

கொடி இரத்தத்தின் பொறுமையை மருத்துவம் கருவியாக்கிக்கொண்டதும் உண்டு. 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன், ஃபேன்கோனி இரத்தசோகை என்ற பிறவிக்கோளாறுள்ள அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, அப்போது பிறந்திருந்த தங்கையின் கொடி இரத்தத்தைச் செலுத்தினார். உலகின் முதல் கொடி இரத்த மாற்றான அது வெற்றி பெற்றது. எலும்பு மஜ்ஜை மாற்றில் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஹெச்எல்ஏ என்ற திசு அடையாளங்கள் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வந்த செல்கள் பெறுபவரின் உடலையே தாக்கும். கொடி இரத்தத்தில் முக்கியமான ஆறு அடையாளங்களுள் நான்கு பொருந்தினாலும் போதுமானதாக இருக்கக் காரணம், தாயைப் பொறுத்துப் பழகிய அதே டி செல்கள்தாம். ஹூஸ்டனில் கேட்டி ரெஸ்வானி குழுவினர், கொடி இரத்தத்தின் இயற்கைக் கொல்லி செல்களுக்குப் புற்றுச்செல்லை இனங்காணும் செயற்கை ஏற்பியைப் பொருத்தி, நிணநீர்ப் புற்றுள்ள 11 நோயாளிகளுக்குச் செலுத்தி, 8 பேரிடம் பலன் கண்டதாக 2020இல் அறிவித்தனர். கொல்லும் திறனில் பின்தங்கியவை என்று பட்டியலில் எழுதப்பட்ட செல்கள் இவை.

பயன் இவ்வளவு என்றதும் வணிகம் அதைவிட விரைந்து வளர்ந்துவிட்டது. சென்னை உட்பட இந்தியப் பெருநகரங்களில் தனியார் வங்கிகள், குழந்தையின் எதிர்காலத்துக்கான காப்பீடு என்று கூறி, இந்த இரத்தத்தைப் பணம் பெற்று உறையவைக்கின்றன. பிற்காலச் சொந்தப் பயன்பாட்டுக்காக இதைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலைப்பாடு. பிறவி மரபணுக் கோளாறுள்ள குழந்தையின் கொடி இரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். பிறருக்குப் பொருந்துவதே இந்த இரத்தத்தின் சிறப்பு என்பதால், தனக்கென்று பூட்டி வைப்பது அதன் இயல்புக்கே முரண். சேகரிப்புப் பை நிறைய வேண்டுமென்று கொடியை விரைந்து கவ்வி அறுக்க வற்புறுத்துவது இன்னும் பிழை. ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும், மூன்று நிமிடம் வரை பொறுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நேரத்தில் கொடியில் நிற்கும் இரத்தத்தின் ஒரு பகுதி குழந்தையின் உடலுக்கே திரும்பிச் சேர்ந்து, முதல் மாதங்களுக்கான இரும்புச்சத்தைப் பெருக்குகிறது. மகப்பேற்றுக்குச் செல்லும் குடும்பத்தார் வங்கி முகவரின் படிவத்தில் கையெழுத்திடும் முன், கொடியை எப்போது கவ்வுவார்கள் என்ற கேள்வியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.